கறுப்பு வெள்ளையில் ஒரு மஞ்சள் சேலை

பாரிஸ், மார்க்ஸ் டோர்மோய்
2025 ஒக்ரோபர் 9, இரவு

அன்புள்ள கோசலை மாமி,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு இருக்கிற தயாளினி மாமிக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது.

நான் லக்ஷனா. உங்கள் தம்பி தவராசாவின் இளைய மகள். எனக்குப் பதினைந்து வயது. நீங்கள் என்னைக் கண்டதில்லை, நானும் உங்களைக் கண்டதில்லை என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

தொலைபேசியில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இது. தயாளினி மாமியின் மகனுக்குத் தை மாதத்தில் கலியாணம் என்று அழைப்பிதழ் வந்தது. அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"தயாவின்ரை பெடியனுக்குக் கலியாணமாம்."

"கிழிச்சுப் போடு," என்றார் அப்பா.

"ஒரு வயித்திலை பிறந்த சகோதரங்கள். எத்தினை வருசத்துக்கு இப்பிடி?"

"நான் அக்காவைக் கெஞ்சிக் கேட்டனான். அவ எல்லாற்றை முன்னாலையும் வெள்ளையைக் கட்டிக்கொண்டு நிண்டு என்ரை முகத்திலை அடிச்சவ. பிறகு எனக்கே திட்டிக் கடிதம் எழுதினவ. அந்த வீட்டுப் பந்தலிலை போய் நான் இருக்கவோ?"

அழைப்பிதழை அவரே கிழித்தார். உறை மட்டும் குப்பைக்குள் முழுதாகக் கிடந்தது. உங்கள் விலாசம் அப்படித்தான் கிடைத்தது.

மாமி, நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அப்பா சொல்வது உண்மையில்லை என்று எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஒரு பேச்சுத் தயாரிக்க வேண்டும். ஒரே வேலைக்குப் பல நாடுகள் வேறு வேறு முறைகளைக் கண்டுபிடித்துத் தங்களுக்குள் அடிபட்ட கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த தலைப்பு தொலைக்காட்சி. வகுப்பில் காட்ட ஒரு பழைய வீடியோ கசெற் இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். இல்லை என்று கத்தினார். அப்படிக் கத்துகிறார் என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டிக்குள் ஒன்றே ஒன்று இருந்தது. 'தயா திருமணம், திருச்சி, 1996' என்று எழுதியிருந்தது. கேட்காமல் எடுத்தேன். அது களவுதான். தெரியும்.

கீழ் வீட்டில் மதாம் மர்கரீத் இருக்கிறார். புதுச்சேரிக்காரர். அவரிடம் பழைய ரீவியும் கசெற் பெட்டியும் இன்னும் வேலை செய்கின்றன. அங்கேதான் போட்டுப் பார்த்தேன். கலியாண மண்டபம், நிறையச் சனம், மேளம். ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். யாரோ "கோசலை, இஞ்சாலை வா" என்று கூப்பிட, அவர் திரும்புகிறார். என் மூக்கு அவருடையது. அவர் நல்ல மஞ்சள் சேலை உடுத்தியிருக்கிறார். எலுமிச்சம்பழம் போல மஞ்சள்.

வெள்ளை இல்லை, மாமி. மஞ்சள்.

அது நீங்கள்தானே? அப்படியென்றால் அப்பா ஏன் வெள்ளை என்கிறார்? அவரிடம் கேட்க எனக்குப் பயம். அவர் அடிக்கமாட்டார். பேசாமல் விடுவார். அவர் பேசாமல் விட்டால் எத்தனை வருடத்துக்கு என்பது உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

பதில் போடுவதென்றால் மதாம் மர்கரீத்தின் பெயருக்குப் போடுங்கள். விலாசம் பின்னால் இருக்கிறது.

லக்ஷனா


ஸ்காபரோ, ரொறன்ரோ
2025 ஒக்ரோபர் 22

பிள்ளை லக்ஷனா,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிக்கிற பழக்கம் உன் அப்பன் வீட்டோடு இருக்கட்டும்.

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காத மனிசனின் மகளுக்கு நான் ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? ஆனால் வெள்ளை என்று அவன் சொன்னதாக நீ எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. பொய்யைச் சொன்னாலும் இவ்வளவு பெரிய பொய்யையா சொல்லுவான்?

கேள். என் புருஷன் ஷெல் விழுந்து செத்தபோது எனக்கு முப்பது வயது. பிள்ளையும் இல்லை. பிறகு நாங்கள் திருச்சிக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தோம். உன் அப்பன் பாரிசில், விசா இல்லாமல், உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே அறையில் உதயன் என்று ஒரு பெடியன். எங்கள் ஊர்தான், நல்ல குடும்பம். கோசலையைக் கட்டச் சம்மதம் என்று அவனாகவே உன் அப்பனிடம் சொல்லியிருக்கிறான். விதவையைக் கேட்டு வருகிறவன் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்?

அதற்கு உன் அப்பன் எனக்கு எழுதினது இன்னும் மனப்பாடம். "அக்கா, வாயால் கேட்டால் நீ வெட்கப்படுவாய். வீட்டிலுள்ள பெரிய ஆக்கள் உனக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். நான் ஒரு மஞ்சள் சேலை அனுப்புகிறேன். தயாவின் கலியாணத்தில் நீ அதை உடுத்து நின்றால் உனக்குச் சம்மதம். விருப்பமில்லை என்றால் எப்போதும்போல வெள்ளை உடு. கசெற்றைப் பார்த்துவிட்டு உதயனுக்குச் சொல்வேன். இரண்டாம் தரம் உன்னைக் கேட்கமாட்டேன்."

இது எங்களுக்குப் புதினமில்லை. அந்தக் காலத்தில் கசெற்றில் பார்த்துத்தான் பாதிப் பேர் பொம்பிளை பார்த்தார்கள்.

நான் உடுத்தேன். அது எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "இஞ்சை பாருங்கோ, ஆர் பொம்பிளை எண்டு எனக்கு மாறுது. தாலி அறுத்தவளும் மஞ்சளிலை நிக்கிறாள்." என் சொந்தச் சின்னம்மா ஒரு சால்வையைக் கொண்டுவந்து "போத்தடி, பிள்ளையின்ரை கலியாணத்தைக் கெடுக்காதை" என்றாள். நான் சால்வையைத் தூண் மூலையில் போட்டேன். வீடியோக்காரன் கிட்ட வந்தபோது, வேண்டுமென்றே அவன் லைற்றுக்குள் போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் அது.

பிறகு உன் அப்பனிடமிருந்து இரண்டு வரி வந்தது. "படம் பார்த்தேன் அக்கா. உன் முடிவு விளங்கியது. உதயனுக்குச் சொல்லிவிட்டேன்." நான் காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து, உதயனுக்கு வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது என்று கடைசியில் வேறு ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு விளங்காதா? இரண்டு பேரும் இருந்து கசெற்றைப் பார்த்திருக்கிறார்கள். உதயனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல உன் அப்பனுக்கு முதுகெலும்பு இல்லை. சந்தையில் மாடு காட்டுவதுபோல என்னைக் காட்டினாயே என்று எழுதினேன். அவன் பதில் போடவில்லை. அவ்வளவுதான்.

இப்போது வெள்ளை என்கிறானாம். அந்தக் கசெற்றை நாங்கள் கனடாவுக்கும் கொண்டுவந்தோம். இங்கே போட்டால் ஒன்றுமே தெரியவில்லை, படம் கோடுகோடாய் உருண்டது. கடையில் கொடுத்து இந்த நாட்டு முறைக்கு மாற்றி எடுத்தோம். தயா வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். நான் மஞ்சளில்தான் நிற்கிறேன். உன் அப்பனின் கண்ணுக்கு என்ன வந்தது என்று அவனிடமே கேள்.

கோசலை


பாரிஸ்
2025 நவம்பர் 3, இரவு

அன்புள்ள மாமி,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மதாம் மர்கரீத் வீட்டிலேயே வாசித்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "கனடாவில் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை" என்ற வரிக்கு வந்ததும் எழும்பி நின்றுவிட்டேன். என் பேச்சுக்காக அதைத்தானே ஒரு மாதமாகப் படிக்கிறேன்! தலைக்குள் எல்லாம் இருந்தும் எனக்கு விளங்காமல் இருந்தது.

மாமி, அப்பா பொய் சொல்லவில்லை. அவர் உங்களை வெள்ளையில்தான் பார்த்தார்.

எப்படி என்று சொல்கிறேன். தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே ஒவ்வொரு நாடும் தன் முறைதான் திறம் என்று நின்றது. ஒரு படத்தை எத்தனை கோடாகப் பிரிப்பது என்பதிலேயே இங்கிலாந்து ஒன்று, பிரான்ஸ் இன்னொன்று. பிறகு நிறம் வந்தது. அமெரிக்காவுக்கு ஒரு முறை, ஜெர்மனிக்குப் பால் (PAL) என்று ஒன்று, பிரான்சுக்குச் செக்காம் (SECAM) என்று ஒன்று. ஐரோப்பாவுக்கு ஒரே முறை வேண்டும் என்று வியன்னாவில் கூடினார்கள், ஒஸ்லோவில் கூடினார்கள். கூடிக் கூடிப் பேசிவிட்டு அவரவர் தங்கள் முறையோடு வீட்டுக்குப் போனார்கள். இந்தியாவும் இலங்கையும் பால் முறையை எடுத்தன. கனடா அமெரிக்காவோடு போனது. பிரான்ஸ் செக்காமோடு நின்றது.

இப்போது முக்கியமானது. எந்த நாடானாலும் ஏற்கெனவே விற்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் படம் தெரியவேண்டும் அல்லவா? அதற்காக வெளிச்சத்தை ஒரு பக்கம் அனுப்பி, நிறத்தை அதன்மேல் ஒளித்து அனுப்பினார்கள். பாலும் செக்காமும் அடிபட்டது நிறத்தை எப்படி ஒளிப்பது என்பதில்தான். திருச்சியில் எடுத்த கசெற்றைப் பழைய பிரெஞ்சு ரீவியில் போட்டால் வெளிச்சம் ஒழுங்காக வரும். நிறம் மட்டும் வராது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை.

அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். அப்பாவின் அறையில் அப்போது இருந்தது, யாரோ தெருவில் விட்டுப்போன ரீவியாம். "ஊர்க் கசெற் எல்லாம் கறுப்பு வெள்ளைதான் ஓடும். லாச்சப்பல் தமிழ்க் கடையிலை குடுத்தால் கலருக்கு மாத்தித் தருவாங்கள். ஆர் மினக்கெடுறது? ஆக்களைத் தெரிஞ்சால் காணும்தானே," என்றார் அம்மா.

படம் கறுப்பு வெள்ளை என்று அப்பாவுக்குத் தெரியும். மற்றப் பெண்களின் சிவப்பும் பச்சையும் அவருக்குச் சாம்பலாகவும் கறுப்பாகவும் தெரிந்திருக்கும். மஞ்சள் என்றாலும் கொஞ்சமாவது சாம்பலாய்த் தெரியும் என்று நினைத்திருப்பார். ஆனால் எல்லா நிறத்திலும் வெள்ளைக்கு மிகக் கிட்டிய வெளிச்சம் உள்ளது மஞ்சள்தான். இது கணக்கு. நான் பத்துத் தரம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கணக்கு மட்டும் இல்லை, கண்ணாலும் பார்த்தேன். மதாம் மர்கரீத்தின் ரீவியில் இரண்டு முறையும் உண்டு. அவருடைய கணவர் இஞ்ஞாசி உயிரோடு இருந்தபோது, புதுச்சேரிக் கசெற்றும் பார்க்கவேண்டும் பிரெஞ்சு நிகழ்ச்சியும் பார்க்கவேண்டும் என்று தேடி வாங்கினதாம். நீங்கள் திரும்புகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, ரிமோட்டில் செக்காம் என்று மாற்றினேன். உங்கள் சேலை வெளுத்தது. ஒரு நொடி, மாமி. அப்படியே வெள்ளை. நெற்றியில் இருந்த பொட்டும் மச்சம் போல ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாகிப் போனது.

மதாம் மர்கரீத் வாயில் கை வைத்தார். "மோன் தியே, கடவுளே! யாரும்மா இவங்களுக்கு வெள்ளை கட்டிவிட்டது?" என்றார். நான் விளங்கப்படுத்தினேன். "நானும் விதவைதான். ஒரு வருஷம் கறுப்புப் போட்டேன், அப்புறம் பூப்போட்ட ரோப், கவுன் மாட்டிக்கிட்டேன். என் ஆளு மேலேயிருந்து பார்த்தா அவருக்கும் ஜாலியா இருக்கணும்ல? இந்த அம்மாவ ஒரு டெலிவிசியோன் பொட்டி விதவையாக்கிடுச்சே, பாவிங்க," என்று அவரே அழுதார்.

எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? கனடாவில் அது சுத்தமாக ஓடவில்லை. அதனால் மாற்றி எடுத்தீர்கள், உண்மை தெரிந்தது. பிரான்சில் அது பாதி ஓடியது. பாதி ஓடினதால்தான் யாரும் மாற்றவில்லை. முழுக்கப் பழுதாயிருந்தால் அப்பா அன்றைக்கே கடைக்குக் கொண்டு ஓடியிருப்பார்!

விடுமுறை முடிந்து இன்றைக்கு வகுப்பில் பேசினேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. நிறச் சண்டையை மட்டும் சொன்னேன். "நல்ல வடிவான கதை. அதிலே யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை," என்று ஆசிரியர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நான் என் இடத்தில் போய் இருந்து மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்லட்டுமா? நீங்கள் சொல்லாதே என்றால் சொல்லமாட்டேன். சொல் என்றால் எனக்குப் பயம்.

லக்ஷனா


ஸ்காபரோ
2025 நவம்பர் 15

லக்ஷனா,

உன் கடிதத்தைத் தபால் பெட்டியடியிலேயே நின்று வாசித்தேன். பனி கொட்டியது. தயா யன்னலால் "அக்கா, விசரே, உள்ளுக்கை வா" என்று கத்துகிறாள். நான் முதல் வரியிலிருந்து திரும்பவும் வாசித்தேன்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நீ நினைத்து எழுதியிருக்கிறாய். இல்லை, பிள்ளை. முன்பு ஒரு ஆளில் கோபம். இப்போது எத்தனை பேரில் கோபப்படுவது? கோட்டுப் போட்டுக்கொண்டு வியன்னாவில் இருந்த ஆக்களுக்குத் திருச்சியில் தூணடியில் ஒருத்தி நிற்பாள் என்று தெரிந்திருக்குமா? நிறம் என்றால் அவர்களுக்குக் கொடியும் பெருமையும். எனக்கு அது வாய். என் வாயை அந்த ஒரு நாளுக்குச் சேலையில் வைத்தேன். அதை உங்கள் நாட்டுப் பெட்டி துடைத்துப் போட்டது.

ஆனால் ஒன்று கேள். எல்லாப் பழியையும் பெட்டியில் போட்டுவிட்டு உன் அப்பனைத் தப்ப விடாதே. பெட்டி நிறத்தைத்தான் தின்றது. அவன் நாக்கையுமா தின்றது? "அக்கா, வெள்ளையா உடுத்தாய்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம், ஆனபடியால் கேட்கவில்லையாம். ஆம்பிளைப் பிடிவாதத்துக்கும் நாட்டுப் பிடிவாதத்துக்கும் என்ன வித்தியாசம்?

உதயன் நன்றாக இருக்கட்டும். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கும். எனக்கு அவன் வேண்டாம், அந்த வயதும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்று. நான் ஓம் என்றேன். அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு ஓம் என்றேன். அதைக் கேட்கவேண்டிய இரண்டு பேரும் இல்லை என்று விளங்கிக்கொண்டு இவ்வளவு காலம் இருந்திருக்கிறார்கள். நான் உயிரோடு இருக்கையில் அவர்கள் அதை அறியவேண்டும். உதயனிடம் இல்லை என்று சொன்ன வாயே ஓம் என்று திருத்திச் சொல்லவேண்டும்.

காட்டு. பயமாயிருந்தால் இன்னும் ஒருநாள் பயந்துவிட்டுக் காட்டு. உன்னோடு பேசாமல் விட்டானென்றால் எனக்கு எழுது. நான் பேசுகிறேன்.

மாமி


பாரிஸ்
2025 நவம்பர் 30, இரவு

மாமி,

காட்டிவிட்டேன். எல்லாம் பிழையாய்ப் போயிற்று.

மதாம் மர்கரீத் தன் அலுமாரியை நகர்த்தித் தரச்சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார். அது நாங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டம். நானும் கூடப் போனேன். அலுமாரியை நகர்த்தி, கோப்பி குடித்து முடியும்போது ரீவியைப் போட்டேன். மேளச் சத்தம் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள், மஞ்சளில்.

அவர் அப்படியே நின்றார். நீங்கள் லைற்றுக்குள் வந்து நேரே பார்க்கிற இடம் வரைக்கும் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் உதுக்குக் கலர் பூசினது?"

"ஒருத்தரும் பூசேல்லை அப்பா. உங்கடை கசெற்தான். பெட்டியிலை இருந்து நான்தான் எடுத்தனான்."

"பொய் சொல்லாதை. இப்ப போனிலையே செத்த ஆக்களைச் சிரிக்க வைக்கிறாங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் பூசுறது பெரிய வேலையோ? ஆர் உனக்குச் சொல்லித்தந்தது? கனடாவிலை இருந்து ஆரேனும் கதைச்சவையோ?"

பால், செக்காம், வெளிச்சம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். பயத்தில் பாதி பிரெஞ்சில் வந்தது. "உன்ரை பள்ளிக்கூடக் கதையை என்னட்டைச் சொல்லாதை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்," என்றார். மதாம் மர்கரீத் குறுக்கே வந்தார். "முசியே தவராசா, கொஞ்சம் உக்காருங்க. நான் வேணும்னா மாத்திக் காட்டுறேன்." அவர் கேட்கவில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கண்ணால் பார்த்தாராம்! பார்த்த கண்ணுக்கு இவ்வளவு மரியாதை, நின்ற ஆளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அவரில் இப்படிக் கோபம் வந்ததே இல்லை, மாமி.

இன்றோடு ஒரு கிழமை. என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் "அவளுக்குச் சோறு போடு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் அவருக்கு முன்னால்தான் இருக்கிறேன்.

லக்ஷனா


ஸ்காபரோ
2025 டிசம்பர் 10

என் பிள்ளை,

அழாதே. எனக்கு இவ்வளவு காலம், உனக்கு ஒரு கிழமை.

பூசினதாமோ? நல்லது. என்னை வெள்ளையாக்கின பெட்டியை ஒருநாளும் சந்தேகப்படவில்லை, மஞ்சளாக்கின பெட்டி மட்டும் பொய் சொல்லுதாம். விதவை வெள்ளையில் நின்றால் உலகத்துக்கு அது சரியாகத் தெரியும். அதுதான் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊர்ப் பழக்கம் வேண்டாம் என்று எனக்குச் சேலை அனுப்பினவனும் கடைசியில் ஊர்க் கண்ணால்தான் பார்த்தான்.

நீ இனி ஒன்றும் விளங்கப்படுத்தாதே. வாயைத் திறக்காதே. அந்தக் கசெற் மட்டும் கீழ் வீட்டிலேயே இருக்கட்டும். ரிமோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமி


பாரிஸ்
2025 டிசம்பர் 19, இரவு

அன்புள்ள மாமி,

நீங்கள் சொன்னபடி நான் வாயே திறக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்து ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வரும்போது மதாம் மர்கரீத் படியடியில் என்னை மறித்தார்.

"உங்க அப்பா வந்திருந்தாரு. வேலைக்குப் போற வழியில. 'மதாம், அந்தப் படத்தை இன்னொருக்காப் போடுவியளோ?'ன்னு கேட்டாரு. போட்டேன். ரிமோட்டைக் கேட்டாரு. எது எதுன்னு காட்டினேன். மாத்தினாரும்மா. வெள்ளை. மறுபடியும் மாத்தினாரு. மஞ்சள். வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள். நான் சமையலறையில வெங்காயம் உரிச்சு, வதக்கி, சோறு வடிச்சு முடிச்சிட்டேன், இன்னும் அழுத்திக்கிட்டே இருக்காரு. வேலைக்கு நேரமாகலையான்னு கேட்டேன். 'அக்கா பொட்டும் வைச்சிருக்கிறா மதாம்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

நான் வீட்டுக்குப் போனேன். அவர் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை என்று அம்மா சொன்னார். ஆளையும் காணவில்லை. நன்றாக இருட்டினபிறகு வந்தார், சப்பாத்தெல்லாம் ஈரம். பாரிசுக்கு வெளியே, உதயன் மாமா இப்போது இருக்கிற ஆர்ஜொந்தெய்க்குப் போய் அவர் வீட்டு வாசல் வரை நடந்துவிட்டு, மணி அடிக்காமல் திரும்பி வந்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று தெரியும், வரவில்லை. வாசல் வரை போனவருக்கு ஒரு மணியை அழுத்த என்ன? ரிமோட்டை மட்டும் அழுத்தத் தெரிகிறதே என்று நினைத்தேன். மூன்று நாளும் அந்தக் கோபத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

இன்றைக்குச் சாப்பிட்ட பிறகு அவர் குசினிக்குள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில். ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"உதயன்? நான்தான்டா. ... ஓம், சுகம். ... இல்லை, ஆருக்கும் ஒண்டுமில்லை. நீ முதல் இரு. ஒரு விசயம் சொல்லவேணும். ... டேய், பேரன் அழுகிறான் எண்டால் மனிசியிட்டைக் குடுத்துப்போட்டு வா. நான் நிக்கிறன்."

நின்றார். மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அக்காவின்ரை விசயம். அண்டைக்கு நான் உனக்குப் பிழையான மறுமொழி சொல்லிப்போட்டன். ... தெரியும், தெரியும், உனக்கு இப்ப அது தேவையில்லாத கதை. எண்டாலும் நான் சொல்லவேணும், நீ கேக்கவேணும். அவ மஞ்சள்தான் உடுத்தவ. ரீவியிலை எனக்குத் தெரியேல்லை. ... ஓம். அக்கா ஓம் எண்டவ. அண்டைக்கே, எல்லாற்றை முன்னாலையும் ஓம் எண்டவ."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு, "இல்லை மச்சான், அவவிட்டை நான் என்ன வாயாலை கதைக்கிறது?" என்றார்.

மாமி, இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த வாயேதான் திருத்திச் சொன்னது. இதை உடனே உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் விளக்கை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன், அது அவர் கேட்கவேண்டியது. அவர் எப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் விலாசம் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வந்து கேட்பாரோ

நடையில் காலடி கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. தட்டுகிறார். எங்கள் வீட்டில் யாரும் தட்டிவிட்டு வருவதில்லை, மாமி. அப்பா